ஸ்டீல் ரவை சுட்டால் குழல் கெடுமா? (பழைய 12 போர், ஃபுல் சோக், மூவிதழ் முத்திரை இல்லை)

இரட்டைக்குழல்:
12 போர் (குழல் உள்விட்ட அளவு) சைடு-பை-சைடு, அதாவது ரெண்டு குழலும் பக்கத்துல பக்கத்துல. சேம்பர் (தோட்டா உட்கார்ற இடம்) 70 மி.மீ. நைட்ரோ ப்ரூஃப் முத்திரை (புகையில்லா மருந்தோட அழுத்தத்துக்குச் சோதிச்ச அடையாளம்) தெளிவா இருக்கு, ஸ்டீலுக்கான ஃப்ளூர்-டி-லி (மூவிதழ்) முத்திரை இல்லை. வலது குழல் ஹாஃப், இடது ஃபுல், ரெண்டுமே கழற்ற முடியாத சோக் (குழல் வாய்ப்பக்க நெருக்கல்). உள்ளே குரோம் பூச்சு கிடையாது. ஈய ரவைக்குத் தடை இருக்கிற ஈரநிலத்தில் இதைப் பயன்படுத்தணும்னா ஸ்டீல்தான் கிடைக்குது. "ஒரு பெட்டி சுட்டா குழல் காலி"ன்னு ஒரு கட்சி, "எல்லாம் கட்டுக்கதை"ன்னு இன்னொரு கட்சி. இந்தத் துப்பாக்கிக்கு எது சரி? சுடலாம்னா எந்தத் தோட்டா, எந்தக் குழல்ல?

மைக்ரோமீட்டர்:
இரண்டு கட்சியும் வேறு வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டு சண்டை போடுகிறது. குழலில் ஸ்டீல் தொல்லை தரக்கூடிய இடங்கள் மூன்று. மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு.

ஒன்று, குழலின் உட்சுவர். எல்லோரும் பயப்படுவது இங்கேதான், ஆனால் இருப்பதிலேயே குறைந்த ஆபத்து இதுதான். ஸ்டீல் தோட்டாவில் ரவை முழுக்க ஒரு தடித்த பிளாஸ்டிக் கப்புக்குள் உட்கார்ந்திருக்கும். ஈயத் தோட்டாவின் கப்பைவிட இது தடிமனும் கடினமும் அதிகம். மேல் வரிசை ரவைகூட விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்க்காத அளவு நீளம். கப் ஒழுங்காக இருந்தால் ரவை சுவரைத் தொடுவதே இல்லை.

இரண்டு, சோக் தொடங்கும் தோள்பட்டை. நிஜப் பிரச்சினை இங்கே. ஈயம் நசுங்கிக்கொடுத்து நெருக்கலுக்குள் நுழையும். இரும்பு நசுங்காது. உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளி இடம் மாறித்தான் போக வேண்டும். இடம் மாற நேரமோ இடமோ போதாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று முட்டுக்கொடுத்து வெளிப்பக்கமாகச் சுவரை உதைக்கும். உலோகம் நிரந்தரமாக விரிந்து குழலைச் சுற்றி வளையம் போல ஒரு புடைப்பு வரும். ரிங் பல்ஜ் என்பது அதுதான்.

மூன்று, சேம்பரும் அதை ஒட்டிய ஃபோர்சிங் கோனும் (சேம்பரிலிருந்து குழலுக்குக் குறுகும் கூம்பு). இது முழுக்க அழுத்தம் பற்றிய விஷயம். ஸ்டாண்டர்டு ஸ்டீல், ஹை பெர்ஃபார்மன்ஸ் ஸ்டீல் என்று இரண்டு வகை இருப்பதே இதற்காகத்தான்.

உங்கள் துப்பாக்கிக்குப் பதில்: ஸ்டாண்டர்டு ஸ்டீல், 3.25 மி.மீ.க்கு மிகாத ரவை, வலது குழல் மட்டும். இடது குழலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஹை பெர்ஃபார்மன்ஸ் எந்தக் குழலிலும் கூடாது.

பழையஇரும்பு:
இவ்வளவு சுலபமா "தொடுவதே இல்லை"ன்னு முடிச்சிட்டா எப்படி? ஈய ரவையைப் பல்லால கடிச்சா பல் பதியும். ஸ்டீல் ரவையைச் சுத்தியலால அடிச்சாத்தான் தட்டையாகும். அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தின குழல் இரும்பு இன்னைக்கு வர்ற குரோம்-மோலி ஸ்டீல் இல்லை, மெத்துனு இருக்கும். சுவரும் மெல்லிசு. ஒண்ணுமே ஆகாதுன்னா தோட்டாப் பெட்டி மேல "சோக் 0.5 மி.மீ.க்கு மேல் கூடாது"ன்னு எதுக்கு அச்சடிக்கிறான்?

மைக்ரோமீட்டர்:
அந்த எச்சரிக்கை சோக்கைப் பற்றியது, உட்சுவரைப் பற்றியது இல்லை. நான் இரண்டாவதாகச் சொன்னதைத்தான் பெட்டியும் சொல்கிறது. அதுவும் 12 போரில் 4 மி.மீ.க்குப் பெரிய ரவை உள்ள பெட்டிகளில் வரும் வாசகம் அது.

கடினத்துக்கு எண் சொல்கிறேன். சி.ஐ.பி. (துப்பாக்கி, தோட்டா சோதனைக்கான சர்வதேச அமைப்பு) விதிப்படி ஸ்டீல் ரவையின் மேற்பரப்பு 110 விக்கர்ஸ் (கடினத்தின் அளவு), உள்மையம் 100 விக்கர்ஸ் தாண்டக் கூடாது. கரிமம் மிகக் குறைந்த கம்பியை வெட்டி உருட்டி, அனல் கொடுத்து மென்மையாக்கிச் செய்வது. இன்றைய குழல் எஃகு பொதுவாக 250–300 விக்கர்ஸ் வட்டாரம். பழைய குழல் அதைவிடக் குறைவு, நீங்கள் சொல்வது சரிதான். ஆனாலும் ரவையைவிடக் கடினமானதுதான். ஈயமோ ஆன்டிமனி கலந்தாலும் பத்துச் சொச்சம். அப்படியானால் ஸ்டீல் ரவை ஈயத்தைப் போலப் பல மடங்கு கடினம், குழலைவிட மென்மை. கப் கிழிந்தால் கீறல் விழும், அதை மறுக்கவில்லை. கிழியாத கப்பில் அது வெறும் பயம்.

தட்டுக்களம்:
கப் கிழியுதா இல்லையான்னு ஊகிக்கவே வேண்டாம், தரையில கிடக்கிறதைப் பொறுக்கிப் பாருங்க. சுடும் இடத்திலிருந்து பத்து இருபது மீட்டர்ல விழுந்து கிடக்கும். இதழ்களை விரிச்சு வெளிச்சத்துக்கு எதிரா பிடிங்க.

உள்பக்கம் முழுக்க சின்னச் சின்னக் குழி வரிசையா இருக்கும். அது சாதாரணம், சுட்ட அதிர்ச்சியில ரவை பதிஞ்ச தடம். குழி ஆழமா இருந்தாலும் வெளிப்பக்கம் வழுவழுப்பா இருக்கணும். வெளிப்பக்கம் முளைவிட்ட மாதிரி மேடு தெரிஞ்சா ஓரளவு கவலை. ஊசித்துளை அளவு வெளிச்சம் வந்தாலும் அந்த லாட்டை நிறுத்திடுங்க. இதழ் பிரியற வெட்டு ஓரத்தை முக்கியமா பாருங்க, ரவை முதல்ல தப்பிச்சு வெளிய வர்றது அந்த வழியாத்தான். கடுங்குளிர்ல பிளாஸ்டிக் விறைச்சுப்போய் இதழ் அடியோட ஒடியும், அதையும் கவனிங்க.

இன்னொண்ணு. குழலுக்குள்ள பார்த்துட்டு "கோடு கோடா கீறல்"னு பதறுறவங்க பாதிப் பேர் பார்க்கிறது கீறலே இல்லை, பிளாஸ்டிக் படிவு. சாம்பல் நிறத்துல நீளவாக்குல பட்டையா இருக்கும், சோக்குக்குப் பின்னாடியும் ஃபோர்சிங் கோன்லயும் அதிகம். பிளாஸ்டிக்கைக் கரைக்கிற பேரல் கிளீனர் விட்டு பத்து நிமிஷம் ஊறவச்சு, வெண்கலப் பிரஷ் இருபது தடவை போட்டுத் துடைச்சா போயிடும். போகலைன்னாத்தான் கீறல்.

பட்டறைக்காரர்:
மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் ரிங் பல்ஜ் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வந்த பிறகுதான் பலருக்கு அது என்னவென்றே தெரிகிறது.

புடைப்பு பெரும்பாலும் குழல் வாயிலிருந்து சில சென்டிமீட்டர் உள்ளே, சோக் கூம்பு தொடங்கும் இடத்தில் வரும். அளவு சிறிது, 0.05 முதல் 0.1 மி.மீ. வட்டாரம். விரல் நுனிக்கு உடனே தட்டுப்படாது, கண்ணுக்குத் தட்டுப்படும். துப்பாக்கியைத் திறந்து, குண்டு இல்லை என்று இரண்டு குழலையும் பார்த்து உறுதி செய்துகொண்டு, குழலை மட்டும் கழற்றுங்கள். ஜன்னல் சட்டத்தின் நேர்க்கோடு குழலின் வெளிப்பக்கத்தில் பிரதிபலிக்கும்படி பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். கோடு நூல் பிடித்தது போல ஓடி வந்து ஒரு இடத்தில் நெளிந்தால் அங்கேதான் புடைப்பு. உள்ளே பார்த்தால் அதே இடத்தில் கருப்பு வளையம் தெரியும். சோக் கூம்பு தொடங்கும் இடத்தில் எல்லாத் துப்பாக்கியிலும் ஒரு நிழல் வளையம் உண்டு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, வெளிக்கோடு நெளிகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒற்றைக்குழலிலும் ரிப் (குழலை ஒட்டி நீளவாக்கில் ஓடும் பட்டை) இல்லாத குழலிலும் இந்தப் புடைப்பு பெரும்பாலும் அழகுக்குறைதான். சைடு-பை-சைடில் கதை வேறு. இரண்டு குழலையும் ரிப்பையும் ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். குழல் விரிந்தால் பற்று விடும். முதலில் வாய்ப்பக்கம் மயிரிழை விரிசல். பிறகு மழைத்தண்ணீரும் துடைக்கும் எண்ணெயும் அதற்குள் இறங்கும். ரிப்புக்கு அடியில் துரு உள்ளிருந்து தின்னும், வெளியே ஒன்றும் தெரியாது. சோதனை எளிது: ஃபோர்-எண்ட் (குழலுக்கு அடியில் உள்ள மரப்பிடி) இல்லாமல், குழல்களை அடிக்கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, விரல் மொழியால் தட்டுங்கள். மணி போல நீண்டு ஒலித்தால் பற்று உறுதி. உடைந்த பானை போலச் சத்தம் செத்தால் எங்கோ விட்டிருக்கிறது.

இரட்டைக்குழல் நண்பருக்கு: எழுதியிருக்கும் "ஹாஃப்", "ஃபுல்" என்பதை நம்பாதீர்கள். அளந்து போடுங்கள். அளக்கும்போது வாயில் செருகும் பிளக் கேஜ் மட்டும் போதாது. அது வாயின் விட்டத்தைச் சொல்லும், நெருக்கத்தைச் சொல்லாது. 12 போரின் பெயரளவு உள்விட்டம் 18.5 மி.மீ.தான், ஆனால் நடைமுறையில் குழலுக்குக் குழல் மாறும். சோக்குக்குப் பின்னே உள்ள விட்டத்தையும் வாய் விட்டத்தையும் மூன்று முனை போர் கேஜால் எடுத்துக் கழிக்க வேண்டும். சுவர்த்தடிமனையும் எடுக்கச் சொல்லுங்கள்.

நீர்ப்பறவை:
சோக்கையே எல்லாரும் பேசறீங்க, ரவை அளவு பத்தியும் பேசணும். ஸ்டீலோட அடர்த்தி சுமார் 7.8, ஈயம் 11-க்கு மேல. எடை குறைவா இருக்கிறதால வேகம் சீக்கிரம் விழும். அதனால ரெண்டு நம்பர் பெரிசா எடுப்பாங்க: ஈயத்துல 4-ம் நம்பர் போட்ட இடத்துல ஸ்டீல் 2-ம் நம்பர். அமெரிக்க நம்பர்ல 4 சுமார் 3.3 மி.மீ., 2 சுமார் 3.8, பிபி 4.57, டி 5.08. பெரிசு ஆக ஆக சோக்ல மாட்டற வாய்ப்பும் ஏறும்.

கணக்கு போட்டுப் பாருங்க. போர் 18.5. கப் சுவர் ஒரு பக்கம் 1.1 மி.மீ.ன்னு வச்சா உள்ள 16.3 மிச்சம். டி ரவை மூணு குறுக்கா நின்னா 15.24. ஒரு மி.மீ. இடம் இருக்கு, அசையலாம். ஃபுல் சோக்ல வாய் 17.5ன்னா உள்ள 15.3. மூணு உருண்டை ஒரே வரிசையில வந்துட்டா நகர இடமே இல்லை. அதே இடத்துல 2.5 மி.மீ. ரவையா இருந்தா ஆறு நிக்கும், நசுங்காட்டியும் வழுக்கிட்டு இடம் மாறிடும்.

தட்டுக்களம்:
அதைத்தான் சொல்ல வந்தேன். களிமண் தட்டைப் பறக்கவிட்டு சுடறவங்க போடுற 24 கிராம், 2.5 மி.மீ. ஸ்டீல் தோட்டா ஃபுல்ல கூட தாராளமா போகும். ஃபுல்னாலே தடைன்னு சொல்றது மிகை.

பட்டறைக்காரர்:
போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "போகும்" என்பதும் "போடலாம்" என்பதும் ஒன்றல்ல. ஸ்டீல் ரவை நசுங்காததால் உருண்டையாகவே பறக்கும், சிதறல் இறுக்கமாக வரும். ஹாஃப் சோக்கே ஈயத்தில் ஃபுல் செய்யும் வேலையைக் கிட்டத்தட்டச் செய்துவிடுகிறது. ஃபுல்லில் ஸ்டீல் போட்டுக் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றுமில்லை, சில சமயம் நடுவில் குவிந்து ஓரம் ஓட்டையாகி மோசமாகவே வரும். லாபம் இல்லாத இடத்தில் சோக் தோளுக்கு எதற்கு வேலை கொடுப்பது? அதுவும் பற்று வைத்த பழைய ரிப்பில்.

காகிதத்தில் பார்க்க வேண்டுமானால் வழக்கமான முறைதான்: 40 கெஜத்தில் 30 அங்குல வட்டம், உள்ளே விழுந்த ரவையின் சதவீதம். சிலிண்டர் 40, இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, மாடிஃபைடு (ஹாஃப்) 60, ஃபுல் 70 என்பது ஈயத்துக்கான பழைய அளவுகோல். ஸ்டீலைச் சுட்டு எண்ணிப் பார்த்தால் ஒரு படி தள்ளி நிற்பது தெரியும்.

தட்டுக்களம்:
புதுத் துப்பாக்கிக்கு, சின்ன ரவைக்கு, என் கருத்தை மாத்திக்கலை. பழைய சைடு-பை-சைடுக்கு நீங்க சொல்றதை ஏத்துக்கிறேன்.

இரட்டைக்குழல்:
ஸ்டாண்டர்டு, ஹை பெர்ஃபார்மன்ஸ் வித்தியாசத்தைப் பெட்டியைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மைக்ரோமீட்டர்:
சி.ஐ.பி. நாடுகளில் ஸ்டாண்டர்டு ஸ்டீல் 12/70-க்கு எல்லைகள்: அழுத்தம் 740 பார், ரவை விட்டம் 3.25 மி.மீ., உந்தம் 12 நியூட்டன்-வினாடி. இதற்குள் இருந்தால் வழக்கமான நைட்ரோ ப்ரூஃப் உள்ள, நல்ல நிலையில் இருக்கிற துப்பாக்கியில் போடலாம். ஹை பெர்ஃபார்மன்ஸ் என்றால் 1050 பார் வரை, 70 மி.மீ. தோட்டாவுக்கு 13.5, 76 மி.மீ.க்கு 15 நியூட்டன்-வினாடி. இதற்கு 1370 பாரில் ப்ரூஃப் ஆகி மூவிதழ் முத்திரை குத்திய குழல் வேண்டும். சாதாரண ப்ரூஃப் 930 பார்தான். 740 பார் தோட்டாவுக்காக ப்ரூஃப் ஆனதில் 1050-ஐப் போடுவது பேச்சுக்கே இடமில்லை.

உந்தத்தை நீங்களே கணக்கிடலாம். கிலோவில் எடை, பெருக்கல் வேகம். 24 கிராம், 400 மீ/வி: 9.6. 28 கிராம், 400: 11.2. 28 கிராம், 425: 11.9, விளிம்பில் நிற்கிறது. 32 கிராம், 400: 12.8, ஸ்டாண்டர்டு எல்லையைத் தாண்டியாயிற்று. அதனால் உங்கள் துப்பாக்கிக்கு 28 கிராமுக்கு மேல் தேடவே வேண்டாம்.

அமெரிக்கப் பெட்டிகளில் இந்த இரு வகைப் பிரிவு கிடையாது. அங்கே சாமி (SAAMI) என்ற துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் அமைப்பின் அழுத்த எல்லை: 12 போரில் 2¾, 3 அங்குலத் தோட்டாக்களுக்கு 11,500 பி.எஸ்.ஐ., 3½ அங்குலத்துக்கு 14,000. வேகம் 1,550 அடி/வினாடி என்றெல்லாம் போட்டிருப்பார்கள். 1⅛ அவுன்ஸ் அந்த வேகத்தில் போனால் உந்தம் 15-ஐத் தொட்டுவிடும். அந்தப் பெட்டியைப் பார்த்து "2¾ அங்குலம்தானே, 70 மி.மீ.தானே" என்று பழைய ஐரோப்பியக் குழலில் போடக் கூடாது. நீளம் பொருந்துவது வேறு, வேகமும் அழுத்தமும் பொருந்துவது வேறு. சேம்பர் 65 மி.மீ. உள்ள துப்பாக்கியில் 70 மி.மீ. தோட்டா எந்த ரவையானாலும் கூடாது என்பது தனி விதி. வெறும் கேஸ் உள்ளே சுலபமாகப் போய்விடும், ஏமாந்துவிடாதீர்கள். சுட்ட பிறகு விரியும் வாய்தான் ஃபோர்சிங் கோனை அடைக்கும்.

பழையஇரும்பு:
ப்ரௌனிங் கம்பெனியே பெல்ஜியத்துல செஞ்ச ஆட்டோ-5 குழல்லயும் சூப்பர்போஸ்டுலயும் ஸ்டீல் போடாதேன்னு சொல்லுது. அதுக்கு என்ன பதில்?

பட்டறைக்காரர்:
பதில் எதற்கு, அது சரியான அறிவுரை. கம்பெனி "வேண்டாம்" என்று சொன்ன குழலில் போடாதீர்கள், அங்கே விவாதமே இல்லை. பின்னாளில் வந்த இன்வெக்டர் (கழற்றி மாட்டும்) சோக் குழல்களுக்கு அதே கம்பெனி ஸ்டீலை அனுமதிக்கிறது. "ஸ்டீல் என்றாலே கேடு" என்றோ "எல்லாம் சரி" என்றோ ஒரே வரியில் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே சான்று. டமாஸ்கஸ் குழல், முறுக்குக் குழல் (இரும்புப் பட்டையைச் சுற்றிப் பற்றவைத்துச் செய்த பழைய வகை) எல்லாவற்றுக்கும் பட்டென்று "கூடாது".

குரோம் பூச்சு பற்றிக் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். குரோம் கீறலைத் தடுக்கும், துருவைத் தடுக்கும். புடைப்பைத் தடுக்காது. பூச்சு மிக மெல்லியது. அடியில் உள்ள எஃகு விரிந்தால் அதுவும் சேர்ந்து விரியும் அல்லது வெடித்து உரியும்.

புதியவன்:
தோட்டாவை நானே நிரப்பலாம்னு இருக்கேன் அண்ணே. ஈயத் தோட்டா கேஸ், அதே வாட் (ரவை உட்கார்ற பிளாஸ்டிக் கப்), அதே மருந்து அளவு, ரவைக்குப் பதிலா சைக்கிள் பால்ரஸ் போட்டா செலவு மிச்சம்தானே? ரெண்டும் ஸ்டீல்தான?

மைக்ரோமீட்டர்:
வேண்டாம் தம்பி. தயவுசெய்து வேண்டாம்.

பால்ரஸ் என்பது கரிமம் கூடிய, கடினப்படுத்திய எஃகு. கடினம் 700 விக்கர்ஸுக்கு மேல், குழலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நான் மேலே "ரவை குழலைவிட மென்மை" என்று சொன்ன வாதம் இங்கே தலைகீழாகிவிடும். ஒரே தோட்டாவில் சோக் பிய்ந்து போகலாம். ஈயத் தோட்டாவுக்கான வாட் அந்த உருண்டைகளுக்குக் காகிதம் மாதிரி.

நல்ல ஸ்டீல் ரவையே வாங்கினாலும் ஈய ரெசிபியில் போடக் கூடாது. ஈயம் நசுங்கி அழுத்தத்தின் முதல் அதிர்ச்சியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், ஸ்டீல் வாங்காது. அதே எடைக்கு ஸ்டீல் அதிக இடம் பிடிக்கும், அதனால் கப்பின் கொள்ளளவு, கேஸின் உயரம், கிரிம்ப் (கேஸ் வாயின் மடிப்பு) எல்லாமே மாறும். மருந்தும் மெதுவாக எரியும் வகை வேண்டும். ஸ்டீலுக்கென்றே சோதித்து அச்சிட்ட தரவு, அதில் சொன்ன அதே கேஸ், அதே பிரைமர், அதே வாட். ஒன்றைக்கூட மாற்றக் கூடாது.

மட்டுறுத்துநர்:
மருந்து அளவு, நிரப்பும் ரெசிபி இந்த இழையில் வேண்டாம். விதிகள் 4-ஐப் பார்க்கவும். மற்றபடி தொடரலாம்.

நீர்ப்பறவை:
கழற்றி மாட்டுற சோக் வச்சிருக்கிறவங்களுக்கும் ரெண்டு வரி. ட்யூப் மேல ஸ்டீலுக்கு ஆகும்னு பொறிச்சிருக்கான்னு பாருங்க. பல கம்பெனி ஃபுல் ட்யூப்லயே "ஈயம் மட்டும்"னு போட்டிருக்கும். ட்யூபோட உள்முனை குழல் விளிம்பைவிட உள்ள துருத்திட்டு நிக்கக் கூடாது. பின்னாடி இடைவெளி இருந்தா வாயு அதுக்குள்ள பூந்து ட்யூபை உதைக்கும், துருத்தின விளிம்புல கப் அடிபடும். மரையில மெல்லிசா ஆன்டி-சீஸ் கிரீஸ். ஒவ்வொரு 25 தோட்டாவுக்கும் ஒரு தடவை இறுக்கம் பாருங்க. ஸ்டீல்ல லூசாகி வெளிய வர்ற ட்யூப்தான் குழல் வாயைக் கிழிக்கும்.

முடிஞ்சதும் உடனே கழற்றிடுங்க. கையால முதல் திருப்பு வராம ரென்ச்ல தொங்க வேண்டியிருந்தா ட்யூப் விரிய ஆரம்பிச்சிருக்கு. அதே நெருக்கத்தோட மறுபடியும் மாட்டாதீங்க, ஒரு படி திறந்த ட்யூப் போடுங்க. ட்யூப் போனா வேற வாங்கிக்கலாம். குழல்ல மரை போனா பட்டறைதான்.

இரட்டைக்குழல்:
அளந்தாச்சு. வலது: பின்னே 18.52, வாய் 18.04, வித்தியாசம் 0.48. இடது: பின்னே 18.50, வாய் 17.52, வித்தியாசம் 0.98. மெல்லிசான இடத்துல சுவர் வலது 0.72, இடது 0.69. தட்டிப் பார்த்ததுல நல்லா மணி மாதிரி ஒலிக்குது.

பட்டறைக்காரர்:
நல்ல குழல்கள். பட்டறைகளில் 0.5 மி.மீ. சுவரைக் கீழ் எல்லையாக வைப்பது வழக்கம், நீங்கள் அதற்கு மேலே நிம்மதியாக இருக்கிறீர்கள். வலது குழலுக்கு ஸ்டாண்டர்டு ஸ்டீல் சரி.

இடதுக்கு மூன்று வழி. முதல் வழி, அதில் ஸ்டீல் போடாமலே விடுவது. களத்தில் அவசரத்தில் இரண்டாவது விசையை விரல் தானாக இழுத்துவிடும் என்பதால் இதை நான் பெரிதாக நம்புவதில்லை. இடது சேம்பரில் தோட்டாவே போடாமல் இருந்தால்தான் இது வழி.

இரண்டாவது, சோக்கைத் திறப்பது. 0.98-ஐ 0.45-க்குக் கொண்டுவரலாம். ரீமர் விட்டுப் பிறகு ஹோன் செய்து, கூம்பை நீளமாக, சரிவு குறைவாக அமைக்க வேண்டும். அப்போதுதான் ரவைக்கு இடம் மாற நேரம் கிடைக்கும். வேலை குழலின் உள்அச்சைப் பிடித்து நடக்க வேண்டும், வெளிவட்டத்தைப் பிடித்து அல்ல. பழைய குழல்களில் இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தப்பினால் சுடும் இடமே நகர்ந்துவிடும். உங்கள் குழலில் குரோம் இல்லாதது இங்கே நல்லதாகப் போயிற்று, குரோம் பூசியதை ரீமர் எளிதில் வெட்டாது. எடுத்த உலோகம் திரும்ப வராது, விற்கும்போது "அசல் சோக்" என்று சொல்லவும் முடியாது. யோசித்துச் செய்யுங்கள்.

மூன்றாவது, இடதுக்கு பிஸ்மத் என்ற உலோக ரவை. அடர்த்தி சுமார் 9.6, ஈயம் போல மென்மை. நிறுவனம் வேறு மாதிரி சொல்லாதவரை ஃபுல் சோக்கிலும் போகும், அழுத்தம் உங்கள் ப்ரூஃபுக்குள் இருக்கும் தோட்டாவாகப் பாருங்கள். விலைதான் உறைக்கும். டங்ஸ்டன் மேட்ரிக்ஸும் இதே வகை, அடர்த்தி ஈயத்துக்கு ஏறக்குறைய சமம். ஆனால் "டங்ஸ்டன்" என்ற பெயரைப் பார்த்தே எடுத்துவிடாதீர்கள். அடர்த்தி 18 உள்ள சூப்பர் டங்ஸ்டன் ரவை ஸ்டீலைவிடப் பல மடங்கு கடினம், பழைய குழலுக்கு ஆகவே ஆகாது.

பழையஇரும்பு:
பிஸ்மத் யோசனைதான் எனக்குப் பிடிச்சது. பழசுக்குப் பழசு மாதிரியான ரவை. ஸ்டீல் எல்லா இடத்துலயும் கட்டாயமாகிட்டு வருதே, அதான் எரிச்சல்.

நீர்ப்பறவை:
எரிச்சல் நியாயம்தான், ஆனா தடை நேத்து வந்ததில்லை. அமெரிக்கால 1991 சீசன்லேர்ந்து நாடு முழுக்க நீர்ப்பறவைக்கு ஈயம் கிடையாது. டென்மார்க் 1996, கனடா 1999. ஐரோப்பிய ஒன்றியத்துல 2023 பிப்ரவரி 15 முதல் ஈரநிலத்திலும் அதைச் சுத்தி 100 மீட்டருக்குள்ளயும் தடை. தண்ணிக்கடியில கிடக்கிற ஈய ரவையை வாத்து பொடிக்கல்னு நினைச்சு விழுங்குது, இரைப்பையில அரைபட்டு விஷமாகுது. அது தீராத பிரச்சினை, அதனால ஸ்டீலும் போகப் போறதில்லை.

தட்டுக்களம்:
ரெண்டு விஷயம் யாரும் சொல்லலை. ஸ்டீல் துருப்பிடிக்கும். ஈரத்துல நனைஞ்ச தோட்டாவை ரொம்ப நாள் வச்சிருந்தா ரவையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகலாம். அப்படி ஒட்டினது ஒரே உருண்டையா சோக்ல முட்டும், நல்ல குழலையும் புடைக்க வைக்கும். கிரிம்ப் மடிப்புல பழுப்புக்கறை தெரிஞ்சாலோ, ஆட்டினா வழக்கமா கேட்கிற சலசலப்பு இல்லாம மொத்தையா இருந்தாலோ தள்ளி வச்சிடுங்க. துத்தநாகம் பூசின ரவைன்னா இந்தத் தொல்லை குறைவு.

அப்புறம் ஸ்டீல் கல்லுலயும் உறைஞ்ச தண்ணியிலயும் பட்டா ஈயத்தை விட வேகமா திரும்பி வரும். கண்ணாடி போடாம சுடாதீங்க. இது குழலைப் பத்தினது இல்லை, ஆனா கண்ணுக்கு உதிரி கிடையாது.

இரட்டைக்குழல்:
வலதுல 28 கிராம் ஸ்டாண்டர்டு ஸ்டீல், 3.25 மி.மீ. இடதுல பிஸ்மத். சோக்கைத் தொடப் போறதில்லை. ஆனா ரெண்டு வகைத் தோட்டாவும் ஒரே பையில இருந்தா மாறிடுமே?

பட்டறைக்காரர்:
மாறும், நிச்சயம் மாறும். வேறு வேறு நிறக் கேஸ் உள்ள பிராண்டாக வாங்குங்கள், ஸ்டீல் வலது பாக்கெட், பிஸ்மத் இடது பாக்கெட். உங்கள் துப்பாக்கியில் முன்விசை வலது குழலா என்பதையும் ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள், இடதுகைக்காரர்களுக்காகச் செய்ததில் மாறியிருக்கும். முதல் 25 ஸ்டீல் தோட்டாவுக்குப் பிறகு வலது குழலை மறுபடி அளந்து 18.52-உம் 18.04-உம் அப்படியே இருக்கிறதா என்று இங்கேயே போடுங்கள். 0.02-க்கு மேல் நகர்ந்திருந்தால் ஸ்டீலை நிறுத்திவிட்டுக் குழலைக் கொண்டு போய்க் காட்டுங்கள்.